இன்ஜினைக் கொதிக்கவிடாத சிவநேசன் சேர்

சிவநேசன் சேர் போய்விட்டார். காலையில் அவருடைய மகள் யாழ்ப்பாணத்திலிருந்து மெசேஜ் போட்டிருந்தார்... தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

ஊற்றின டீ ஆறிப்போய்க் கிடக்கிறது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஹட்டன் டவுனில் நான் கம்யூனிகேஷன் கடை வைத்திருந்தது பழைய ஆட்களுக்கு ஞாபகமிருக்கும். இரண்டு போன் பூத், ஒரு போட்டோகொப்பி மெஷின், மூன்று கம்ப்யூட்டர். இரண்டாயிரத்துக்குப் பிறகு, சண்டை இன்னும் முடியாத வருஷங்கள்.

சேர் கல்விக் கந்தோரில் கிளார்க். குடும்பம் யாழ்ப்பாணத்தில், அவர் இங்கே ஒரு ரூமில். வேலை விட்டதும் நேராகக் கடைக்கு வந்து வீட்டுக்கு ஒரு கோல் எடுப்பார். பிறகு மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிளேன் ஓட்டுவார்.

உலகப்போர் காலத்துச் சண்டை விமான கேம் அது. மற்றவர்கள் ஏறின உடனே டபடபவென்று சுட்டு, ஐந்து நிமிஷத்தில் இன்ஜின் கொதித்து, புகை கக்கி விழுவார்கள். சேர் சுடவே மாட்டார்! அவருக்கு இன்ஜின் சூடுதான் கவலை.

ரேடியேட்டரைத் திறந்தால் இன்ஜின் ஆறும், வேகம் குறையும். மூடினால் வேகம் வரும், சூடும் ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில் மனுஷன் ஒரு மணித்தியாலம் பறப்பார். ஹட்டன் குளிருக்கு ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி கேப் எல்லாம் போட்டுக்கொண்டு இன்ஜின் சூட்டுக்குக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

"சேர், பின்னால வர்றான் சேர்! சுடுங்க!" என்று நான் கத்துவேன்.

"பொறும் ஐசே... இஞ்சின் கொதிக்குது. சுடுறது ஆரும் சுடுவினம். கொதிக்காமல் இதை வீட்டை கொண்டுபோறதெல்லோ வேலை."

எத்தனை நிமிஷம் ஏறினார், எவ்வளவு சூடு, எப்போது திறந்தார்... எல்லாவற்றையும் ஒரு நீல மட்டைக் கொப்பியில் எழுதி வைப்பார். கந்தோர் புத்தி!

அந்தக் கொப்பிதான் ஒரு நாள் வினையானது.

போட்டோகொப்பி எடுக்க வந்த பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் மூலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஸ்கிரீனில் சண்டை விமானம். பக்கத்தில் கொப்பி நிறைய விமானக் கணக்கு. அடையாள அட்டையைக் கேட்டார், சேர் கொடுத்தார். யாழ்ப்பாண விலாசம்.

அந்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களைப் புலியென்று கொண்டுபோயிருக்கிறார்கள்.

இது வெறும் கேம் மாத்தயா என்று சிங்களத்தில் கெஞ்சினேன். "அப்படியென்றால் ஓட்டிக் காட்டச் சொல்லு" என்றவர், அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கதிரையை இழுத்துப் போட்டுச் சேருக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

சேர் ஓட்டினார். ஏறினார். ரேடியேட்டரைத் திறந்தார். இறங்கினார். மூடினார். கொப்பியில் எழுதினார். எதிரி விமானம் ஒன்று பக்கத்தில் வந்தபோதும் ஒதுங்கிப் போனார்.

இருபது நிமிஷம்...

"வெடி தியன்னே நெத்த?" என்று சார்ஜன்ட் என்னைக் கேட்டார். சுடவே மாட்டீங்களாண்ணு கேக்குறாரு சேர் என்றேன்.

"இஞ்சின் ஆறட்டும் எண்டு சொல்லும்" என்றார் சேர், ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதையும் சொன்னேன். சார்ஜன்ட் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். அட்டையை மேசையில் வைத்துவிட்டு, தன்னுடைய போட்டோகொப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! சேருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் சேர் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடை, பொண்டாட்டி, கைக்குழந்தை... கேமை அழித்துவிட்டேன். சீடியையும் உடைத்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் சேர் மூலையில் உட்கார்ந்து தேடினார்.

"வைரஸ் சேர்... எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிருச்சு" என்றேன், முகத்தைப் பார்க்காமல்.

"ஓ... அப்பிடியே?" என்று கொப்பியைப் பைக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகும் தினமும் வந்தார். கோல் எடுப்பார், மூலையில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருப்பார். மாற்றல் கிடைத்துப் போகும்வரை கேமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன பிறகுதான் கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் வரும். "தம்பி, சுகமோ? அந்த வைரஸ் இன்னும் அங்கதான் நிக்குதோ?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன்.

போன பொங்கலுக்கும் கேட்டார். போன பொங்கலுக்கும் மழுப்பினேன்.

வைரஸ் இல்லை சேர். நான்தான் அழித்தேன். பயந்துவிட்டேன்.

உங்களுக்கு அன்றைக்கே தெரியும்... இருந்தாலும் ஒரு தடவை என் வாயால் சொல்லியிருக்கலாம்.

பார்த்துப் போயிட்டு வாங்க சேர்.