மடியில் கட்டிய கடலை

காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது வீரனைப் போல ஒரு வேலைக்காரன் அந்தத் தோட்டத்தில் கிடையாது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அவனைப் போல ஓர் உபத்திரவமும் கிடையாது. நான்கு மணிக்குக் கள்ளுக்கடை திறக்கும், ஆறு மணிக்கு மூடும். அந்த இரண்டு மணி நேரத்தில் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்துவிடுவான். பிறகு கங்கா போய்ப் புருஷனைத் தேடிப்பிடித்து லயத்து வீட்டுக்கு இழுத்து வருவாள். பதினோரு வருஷமாக அவளுக்கு இதே வேலை.

மலாயாவில் அவசரகாலம் வந்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டபோது எல்லோரும் வெள்ளைக்காரனைத் திட்டித் தீர்த்தார்கள். வீரன் மட்டும் திட்டவில்லை. கள்ளுக்கடை வேலிக்கு உள்ளேதானே இருந்தது!

ஐம்பத்திரண்டாம் வருஷம் தீபாவளி கழிந்த வாரத்தில் கங்காவுக்கு வெறுத்துப்போய்விட்டது.

"இனிமே கடைக்கு வந்து உன்னைத் தூக்கிட்டு வரமாட்டேன். இன்னொரு நாளு என்னை வர வெச்சேன்னா, மறுநாளே புள்ளையக் கூட்டிக்கிட்டு அசாம் ஜாவா ஊர்ல இருக்குற எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

கத்தாமல் சொன்னாள். அதுதான் வீரனைப் பயமுறுத்தியது.

வழி சொன்னவளும் அவள்தான். குழாயடியில் பியாட்ரிஸ் அவளிடம் சொல்லியிருந்தாள். பியாட்ரிஸின் புருஷன் அந்தோனி தோட்டத்து லோரி ஓட்டுகிறவர், ஒரு காலத்தில் பெரிய குடிகாரர். வேலிக்கு வெளியே அரை மைலில் ஒரு சின்ன மாதா கோயில். அதன் பின்கட்டில், குடியை விட்டவர்களும் விட முடியாமல் தவிப்பவர்களும் தினமும் கூடி உட்கார்ந்து பேசுகிறார்களாம். நாலு பேர் சேர்ந்து நின்றாலே சந்தேகப்படுகிற காலம் என்பதால் அந்தோனி போலீஸில் எழுதிக்கொடுத்து அனுமதியும் வாங்கியிருந்தார். கூடுகிற நேரம், கள்ளுக்கடை திறந்திருக்கும் அதே நேரம். மனிதர் விவரமானவர்.

"தலையில தண்ணி ஊத்தி வேதத்துல சேத்துருவாங்களோ?" என்று வீரன் இழுத்தான்.

"பச்சைத் தண்ணிதானே? உன் ஒடம்புக்குப் புதுசா இருக்கும், போ" என்றாள் கங்கா.

அந்த நேரத்துக்கு வாய் நமநமக்குமே என்று கடலை வறுத்து, ஒரு துணியில் முடிந்தும் கொடுத்தாள். அதை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

வேலிக் கேட்டில் சோதனை போட்ட மலாய்க் கான்ஸ்டபிள் முடிச்சை உருவி எடுத்தார். வேலிக்கு வெளியே ஒரு பிடி சாப்பாடுகூடப் போகக்கூடாது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குப் போய்ச் சேரும் என்று சட்டம். பிடிபட்டால் ஜெயில். வீரனுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் சாப்பாடு என்றால் சோறு. கடலையைப் போய் எந்தத் தமிழன் சாப்பாட்டில் சேர்ப்பான்?

கணக்கெழுதும் கிராணி தங்கராஜுவை மலாயில் பேசக் கூப்பிட்டு வந்தார்கள். கேட்டுக்கு எதிரேதான் கள்ளுக்கடை. வரிசையில் நின்றவர்களெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

கிராணி இரக்கமுள்ளவர். காதோடு சொன்னார்: "கள்ளுக்குத் தொட்டுக்க வெச்சிருந்தான், மறந்துபோயி கேட்டுக்கு வந்துட்டான்னு சொல்லிடுறேன். உள்ள விட்டுருவாரு. பேசாம போயி வரிசையில நில்லு."

எவ்வளவு சுலபம்! புளித்த வாசனை வேறு காற்றில் வந்தது. வீரனுக்கு நாக்கு ஊறியது, கை நடுங்கியது. வரிசையில் நின்றால் ஜெயில் இல்லை. ஆனால் நாளைக்குக் கங்காவும் இல்லை.

"வேணாங்கய்யா. நான் குடிகாரன். விடணும்னு பாக்குறேன், முடியல. விட்டவங்கல்லாம் மாதா கோயில்ல உக்காந்து பேசுறாங்களாம், அங்கதான் போறேன். வாய் சும்மா இருந்தா கால் கடைக்குப் போயிரும். அதுக்குத்தான் கடலை. இதையே சொல்லுங்க."

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. "சாமியாராகப் போறான்லா!" என்று அவனோடு தினமும் குடிக்கும் செல்லன் விசிலடித்தான். வீரனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. கிராணி சிரிக்கவில்லை. அவன் சொன்னதை மலாயில் அப்படியே எடுத்துச் சொல்லி, தன் பொறுப்பு என்றும் சொன்னார். கான்ஸ்டபிள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கடலையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, போ என்று கைகாட்டினார்.

மாதா கோயிலின் பின்கட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்ததும் வீரன் அப்படியே திரும்பிவிடப் பார்த்தான். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் காலைதோறும் அவனைக் கிழிகிழியென்று கிழிக்கும், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சன்னாசி! மண்டோர் முகத்தைத் தொங்கப்போட்டபடி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"மூணு மாசமா தொடல. ஆனா தினமும் நாலு மணியானா எனக்கும் இன்னும் கை நடுங்குதுடா" என்றார்.

வீரன் தன் கையை மறைக்காமல் மடிமேல் வைத்துக்கொண்டான். கேட்டில் நடந்ததை அவன் சொன்னபோது இவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவனும் சேர்ந்துகொண்டான்.

"நாளைக்கும் வா, அது போதும்" என்றார் அந்தோனி.

ஆறு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது வீரன் கேட்டுக்குத் திரும்பினான். உள்ளே கங்கா நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"என்னடி ஆச்சு?" என்று பதறினான்.

"கேட்டுல உன்னைப் புடிச்சுட்டாங்கன்னு வந்து சொன்னாங்க. சரி, நீ திரும்பி அங்கதான் போயிருப்பேன்னு கடைக்கு ஓடினேன். ஒவ்வொரு பெஞ்சாத் தேடினேன்யா" என்றாள். "பதினோரு வருஷத்துல மொத தடவையா, நீ இல்ல."