பாரிசிலிருந்து வந்த போத்தல்

வாசிப்பவரே, நீங்களே சாட்சி. ஒரு கண்ணாடிப் போத்தல். அதனுள் தெளிந்த நீர். நீருக்குள் பெருவிரல் நுனியளவு பச்சைக் கனிகள். அவற்றைத் திராட்சை என்று பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நம்பியது குற்றமா? அல்ல என்றே இன்றும் வாதிடுவேன். அதன்பின் அவன் செய்ததற்கு மட்டும் வக்காலத்து வாங்கமாட்டேன்.

அம்மாவின் ஒரே தம்பி பாரிசுக்குப் போய் மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. எங்கள் ஊரான சுருவிலுக்கு வந்த ஒருவர் கையில் அவர் கொடுத்தனுப்பிய முதற்பொருள் அந்தப் போத்தல். கடிதம் இல்லை. சனிக்கிழமை எல்லாருமாகச் சாப்பிடலாம் என்று அம்மா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதுவரை பள்ளிக்கூடத்தில் நான் முழங்கினேன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய வாய் அல்லவா! தேனில் ஊறிய பிரெஞ்சுத் திராட்சை என்றேன். ஒன்று கடித்தால் பொழுது சாயும்வரை நாக்கு இனிக்கும் என்றேன். சொல்லச் சொல்ல என் நாவிலேயே தேன் ஊறியது.

சனிக்கிழமை அம்மா அலுமாரியைத் திறந்து போத்தலை என் கையில் தந்தார். நான்கு தோழர்களை முற்றத்தில் நிறுத்தி, ஆளுக்கொன்று கொடுத்து, நானும் கடித்தேன்.

உப்பு. அதன் பின்னால் கசப்பு.

ஒருவன் துப்பினான். "டேய், உன்ர மாமா கடல் தண்ணியை எல்லோ அடைச்சு விட்டிருக்கிறார்!"

"அதுக்குப் பாரிசுக்குப் போகவேணுமே? மண்கும்பான் கடற்கரையிலை அள்ளலாம்!" என்றான் மற்றவன்.

அவ்வேளை பார்த்து, ஒன்றுமறியாத மாமி, அப்பாவின் அக்கா, படலையைத் திறந்து வந்தார். "ஊறுகாயோ? கொண்டா பாப்பம்." ஒன்றை மென்றார். "அட, நல்லாயிருக்கடா! இதை வைச்சே ஒரு கோப்பை பழஞ்சோறு தின்னலாம்." இன்னொன்றும் எடுத்தார்.

அது திராட்சையல்ல, உப்புநீரில் ஊறிய ஒலிவக் காய் என்று பின்னாளில்தான் அறிந்தேன். அதே காய், அதே உப்பு. மாமிக்குத்தான் யாரும் தேன் என்று சொல்லியிருக்கவில்லை. அந்தப் பத்து வயது மடையனுக்கோ அது விளங்கவில்லை. மாமியும் தன்னை நையாண்டி செய்வதாகவே கொதித்தான். தன்னைப் பொய்யனாக்கியவர் மாமாவே என்று தீர்ப்பெழுதி, போத்தலைக் கிணற்றுக்கட்டில் ஓங்கி அடித்தான். ஆம், நான்தான் அடித்தேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்தார். எல்லாரும் தின்றபின் தானொன்று எடுக்கலாம் என்றிருந்தவர்.

"நான் இன்னும் வாயிலையே வைக்கேல்லையடா," என்றார். கண்ணாடித் துண்டுகளுக்கிடையே மண்ணில் கிடந்தவற்றைப் பொறுக்கி, சேலைத் தலைப்பில் துடைத்தார். கண்களைத் துடைக்கவில்லை.

உப்புக் காய்க்கு ஒருவர் அழுவாரா என்று எனக்கு மேலும் எரிச்சல் மூண்டது. தோழர்கள் கேட்க, மேடையில் நிற்பவனாய் நிமிர்ந்து, உரத்துச் சத்தியம் செய்தேன்:

"மாமா அனுப்புற ஒண்டையும் இனி இந்த வீட்டுக்குள்ளை எடுக்க விடமாட்டன்!"