சூசையப்பரின் சுண்டுவிரல்

கோயில் பங்கில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பல்செட்டுக்காரர் என்றால் போதும். பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஒரு ஜன்னலும் இரண்டு குழாய்களும் உள்ள அறையில் முப்பது வருஷமாக ஊராருக்குப் பல் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் செய்த பற்களில் பாதி, ஞாயிறு பூசையில் அவர் கண்ணெதிரேயே பாட்டுப் பாடும். எது சொந்தப் பல், எது செட்டு என்று அவருக்கு அத்துப்படி. ஆனால் கழுத்தைப் பிடித்தாலும் சொல்லமாட்டார். அந்த விஷயத்தில் பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட பாவங்களை வெளியே சொல்லாத சாமியாருக்கும் அவருக்கும் வித்தியாசம் கிடையாது.

வேலை அறைச் சுவரில் தொங்கியது பங்கு நாட்காட்டி ஒன்றுதான். "குருத்து ஞாயிறுக்கு முன்னாடி ரெடியாயிடும்" என்பார், எதிரே நிற்பவர் எந்த மதமானாலும் சரி. டாக்டரம்மாவே பழகிப்போய், "அதுன்னா எத்தனாந்தேதி?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வந்தால் டீயில் சர்க்கரை நிற்கும். தவக்காலம் வந்தால் டீயே நிற்கும். அந்த நாற்பது நாளும் அவரிடம் அளவு கொடுக்கப் போகாதீர்கள் என்று அவர் மனைவியே ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டு முன்னறையில் அவருடைய அக்கா இருந்தாள். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து, தம்பியைத் தொழில் படிக்க வைத்தவள். கண்ணில் நீரழுத்தம் வந்து பார்வை போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. தடியைத் தட்டிக்கொண்டு தினமும் தனியாகவே காலைப் பூசைக்குப் போய் வருவாள். கோயிலுக்குள் பூ வாசம் இல்லையென்றால் தவக்காலம் என்று தெரிந்துகொள்வாள். பூசை முடிந்ததும், பக்கவாட்டில் தாழ்வான பீடத்தில் கையை நீட்டி நிற்கும் சூசையப்பர் சுரூபத்தின் சுண்டுவிரலைப் பிடித்து, "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். பார்வை போன நாளிலிருந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை.

சூசையப்பர் விஷயம் இப்படி இருக்க, அந்த விரலைத்தான் பல்செட்டுக்காரர் உடைத்துத் தொலைத்தார்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறுக்கு முந்தின நாள் கோயில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் அவை அப்படியே இருக்கும். பதினெட்டு வருஷமாக அது பல்செட்டுக்காரரின் வேலை. துணி தைத்தது மனைவி. "தனியா ஏறாதீங்க, நான் வந்துடறேன்" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவருக்குப் பொறுமை ஏது? மாதாவை மூடினார், அந்தோணியாரை மூடினார், சூசையப்பருக்கு வந்ததும் துணியின் நாடாவைச் சுரூபத்தின் மணிக்கட்டில் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். பிளாஸ்டர் விரல் தரையில் விழுந்து மாவாகிவிட்டது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாவைக் கைக்குட்டையில் அள்ளி முடிந்துகொண்டு, துணியை இறக்கிக் கட்டினார். பிறகு முதல் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார். சாமியாரிடம் சொன்னால் திட்டுவார், அது பெரிய காரியமில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது? கண் போனபோதுகூட அழாதவள். அவளுக்கென்று தினமும் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு விரல். துணியை எடுக்கப் பதினைந்து நாள் இருக்கிறது, அதற்குள் புது விரல் செய்து ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தீர்மானித்தார்.

மறுநாள் பூசை முடிந்ததும், "சூசையப்பரை மூடியாச்சுக்கா, வா போகலாம்" என்று அக்காவைக் கையோடு வெளியே கூட்டி வந்துவிட்டார். மூடிவிட்டால் முடிந்தது என்று நினைத்தாரே தவிர, திங்கட்கிழமை அவள் தனியாக வருவாள், கண் தெரியாதவளுக்கு ஊதாத் துணி என்ன செய்யும் என்றெல்லாம் அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

விரல் செய்வது அவருக்குச் சுண்டைக்காய் வேலை. மெழுகில் வடித்து, அச்செடுத்து, அக்ரிலிக் ஊற்றினால் தீர்ந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. "கண்ணை ஏமாத்தலாம், நாக்கை ஏமாத்த முடியாது" என்று பல் கட்ட வருகிறவர்களிடம் சொல்வார். மயிரிழை மேடு இருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். அக்காவின் விரல்கள் நாக்கைவிட மோசம். அந்தச் சுண்டுவிரல் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பதினெட்டு வருஷம் துணி கட்டியவர், ஒருநாளாவது அதைப் பார்த்திருந்தால்தானே?

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா டீ குடிக்கும்போது மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"அக்கா, நம்ம சூசையப்பர் கை இருக்குல்ல, அது எப்படி இருக்கும்?"

டம்ளர் தட்டில் இடித்தது. "எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

அக்கா டம்ளரைத் தள்ளி வைத்தாள். "சுண்டுவிரல் கொஞ்சம் உள்ள மடங்கி இருக்கும்" என்றாள். "நகத்து ஓரத்துல துளியூண்டு பேந்திருக்கும். என் கட்டைவிரல் அங்கதான் போய் நிக்கும்." பிறகு தலைவலி என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "உங்க அக்கா இந்த வருஷம் ஒருசந்தி விரதம் ரொம்பத்தான் இருக்காங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள் மனைவி. இவர் காதில் எங்கே விழுந்தது? ராத்திரி பகலாக மெழுகைச் சீவிக்கொண்டிருந்தார். முதல் விரல் பெண்பிள்ளை விரல்போல வந்தது. இரண்டாவது தடித்துப்போனது. மூன்றாவதில் உள் மடிப்பு சரியாக விழுந்தது. ஊசி முனையால் நகத்தோரத்தில் துளியூண்டு பேர்த்து, தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். அங்கேயே போய் நின்றது. அன்றைக்குத்தான் அவருக்கு மூச்சே வந்தது.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. அக்கா அவருக்கு நாலு பேர் முன்னால். உள்ளே போனவள் வெளியே வர ரொம்ப நேரம் பிடித்தது. வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அக்காவுக்கு அப்படி என்ன பாவம் என்று இவருக்கு ஆச்சரியம். தன் முறை வந்ததும் விரல் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, அக்காவிடம் மறைப்பதையும் சொன்னார். பாவசங்கீர்த்தனக் கூண்டின் சன்னலுக்கு அந்தப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சாமியார் தூங்கிவிட்டாரோ என்று சந்தேகமாகிவிட்டது. பிறகு ஒரு இருமல், அதைத் தொடர்ந்து கமறிய குரல். "பரிகாரமா, யார்கிட்ட மறைக்கிறீங்களோ அவங்ககிட்டயே போய்ச் சொல்லிடுங்க. சீக்கிரம் சொல்லுங்க."

இவரா சீக்கிரம் சொல்வார்? முதலில் விரலை ஒட்டுவோம், அவள் தொட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போட்டார். சனிக்கிழமை மத்தியானம், கோயிலைக் கழுவி விடுகிற அமளியில், ஊதாத் துணியை எடுத்தார், விரலை ஒட்டினார், நிறம் தீட்டினார். மனைவியே கிட்டத்தில் வந்து பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை.

பாஸ்கா ஞாயிறு. ஆறு வாரத்துக்குப் பிறகு கோயில் முழுக்கப் பூ வாசம், அல்லேலூயா. பூசை முடிந்ததும் அக்கா எழுந்து சூசையப்பர் பக்கம் நடந்தாள். இவரும் பின்னாலேயே போனார். அவள் கையை நீட்டினாள். தயங்கித் தயங்கி நீட்டினாள் என்பதை அவர் கவனித்திருக்கலாம். விரலைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வளந்திருக்குடா" என்றாள்.

"என்னக்கா?"

"விரல். இல்லாம இருந்துச்சு. வெள்ளிக்கிழமைகூட இல்ல. இப்ப இருக்கு." அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "அந்தச் சில்லுகூட அப்படியே இருக்கு. எனக்காகத் திருப்பிக் குடுத்துட்டாரு. சாமியைக் கூப்பிடு. எல்லாரையும் கூப்பிடு."

பல்செட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டு பெஞ்சு தள்ளிப் பாட்டு டீச்சர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் நாலு பங்குக்கும் செய்தி போய்விடும். ஒரு கணம், சும்மா இருந்துவிடலாமா என்று அவருக்கு ஆசை வந்தது உண்மை. பன்னிரண்டு வருஷத்தில் அக்கா முகம் இப்படி மலர்ந்து அவர் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? ஆனால் பாட்டு டீச்சர் திரும்பிவிட்டார்.

"அக்கா, சத்தம் போடாத" என்று அவள் கையைப் பிடித்தார். "அது நான் செஞ்சது. அக்ரிலிக்."

அக்கா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"துணி கட்டும்போது நான்தான் உடைச்சேன். உங்கிட்டச் சொல்லப் பயந்துட்டேன். மன்னிச்சிடுக்கா."

"எந்த நாளு?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமையா? திங்கக்கிழமை இல்லையே?"

"இல்லக்கா, சனிக்கிழமை சாயங்காலம்."

"அப்ப திங்கக்கிழமை நான் துணிக்குள்ள கைய விட்டப்பவே அது இல்ல."

"இல்ல."

அக்கா தடவிப் பார்த்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "துணி எங்கயோ மாட்டுச்சு. இழுத்தேன். அப்புறம் தொட்டுப் பாத்தா விரல் இல்ல. கீழ உக்காந்து தரையெல்லாம் தடவினேன்டா, துண்டாவது கிடைக்குமான்னு. நீ வந்து கை எப்படி இருக்கும்னு கேட்டப்ப, நான் உடைச்சத நீ கண்டுபிடிச்சிட்டியோன்னு நெனச்சேன். பதினஞ்சு நாளா தொண்டையில ஒண்ணும் இறங்கல." அவள் நிறுத்தினாள். "அப்ப நான் உடைக்கலையா?"

"நீ உடைக்கலக்கா."

"நிஜமா நான் உடைக்கலையா?"

"நிஜமா நான்தான்."

அக்கா முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவள்போல மூச்சுவிட்டாள். அடுத்த நிமிஷம் தடியால் அவர் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது வலித்தது, ஆனாலும் வாங்கிக்கொள்ள அவருக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பையனைப்போல அவரும் கொஞ்சம் அழுதார்.

"சாமியார்கிட்டவேற, நான்தான் உடைச்சேன்னு அழுது அழுது சொல்லிட்டு வந்தேன்" என்றாள் அக்கா. "தம்பிகிட்டப் போய்ச் சொல்லும்மான்னு பரிகாரம் குடுத்தாரு. பயத்துல தள்ளிப்போட்டுட்டேன்."

பல்செட்டுக்காரர் கண்ணீரைத் துடைத்த கையை அப்படியே நிறுத்தினார். "நானும் அவர்கிட்டதான்கா சொன்னேன். அதே வரிசையில. அதே பரிகாரம்."

இருவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். சாமியார் எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்திக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பி, கூரையில் சுற்றிய மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், ஒரே விரலை இரண்டு பேர் உடைத்த கதையை ஒருவாரமாக யாரிடமும் சொல்ல முடியாமல் அந்த மனுஷர் என்ன பாடுபட்டாரோ.

கிளம்புமுன் அக்கா மறுபடி எழுந்து சூசையப்பரிடம் போனாள். சுண்டுவிரலைப் பிடித்து, கட்டைவிரலால் அந்தச் சில்லைத் தேய்த்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் வழவழன்னுதான் இருக்கு" என்றாள். "இருக்கட்டும். அவருக்கும் வயசாச்சு, செட்டு வெச்சுக்கிட்டாரு." பிறகு விரலை விடாமல், எப்போதும்போல "வர்றேன்" என்று சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் இரண்டு டம்ளர் டீ கேட்டாள். சர்க்கரை தூக்கலாக.