பழைய மவுண்டன் பைக்குக்குப் புது பிரேக்

போன கிழமை வத்தளையில செகண்ட் ஹாண்ட் மவுண்டன் பைக் ஒண்டு வாங்கினனான். என்னட்ட இருந்த காசுக்கு அதுதான் வந்தது. பிரேக் சரியில்லை.

இண்டைக்குப் புது பிரேக் வாங்க, பைக்கையும் கொண்டு தெமட்டகொடையில ஒரு சைக்கிள் கடைக்குப் போனன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதில காசு போடாதேங்கோ மிஸ். கூடை வச்ச லேடீஸ் சைக்கிள் ஒண்டு எடுங்கோ."

"பிரேக்கை மட்டும் தாங்கோ அண்ணை. நானே சைக்கிளில பூட்டுறன்."

"பூட்டத் தெரியுமோ?"

"தெரியாது. பழகுவன்."

கடை வாசலிலயே குந்தியிருந்து, ஃபோனில வீடியோ பார்த்துப் பூட்டினன். ரெண்டு தரம் பிழைச்சுது. மூண்டாம் தரம் பிடிச்சுது. கடைக்காரர் வந்து கை துடைக்க ஒரு துணி தந்தார்.

அந்தச் சைக்கிளிலயே வெள்ளவத்தையில இருக்கிற வீடு வரைக்கும் ஓடிவந்தன். ஒவ்வொரு சிக்னலிலயும் சைக்கிள் நான் நினைச்ச இடத்தில நிண்டுது.

அடுத்தது கியர். தெரிஞ்ச ஆக்கள் சொல்லித் தாங்கோ. மாத்தித் தர வேண்டாம்.