கேட்டுவிட்டுத்தான் அழித்தார்

ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜெயசீலன் சார் காலமாகிவிட்டார், மாரடைப்பு. அவருடைய படத்துக்குக் கீழே கும்பிடும் பொம்மைக் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனிதர் போனதற்கு ஒரு வரி எழுத விரல் வலிக்கிறதா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடைக்காரம்மா, "இன்னாம்மா, என்னையா சொல்றே?" என்றார். காய்களை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். இத்தனை பேசிய நானும் அந்தக் குழுவில் ஒரு வரி எழுதவில்லை.

அவர் தாம்பரத்தில் உள்ள எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வக உதவியாளர். நான் அங்கே தமிழாசிரியை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பதினெட்டு வருடம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியிருக்கிறோம். அவர் பாடம் நடத்துகிறவர் இல்லை என்பதால் 'சார்' போடாமல் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எங்களில் பலர் உண்டு. முதல் பத்து வருடம் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியை நன்றாகவே பேசினார். கடைசியில் ஒன்று சொன்னார்: "ஒரே ஒரு தடவை கேட்காம கொள்ளாம நம்ம மல்லிகா டீச்சரோட போனை அழிச்சிட்டார். வேணும்னு செய்யலை. அதை நாம மறந்துடுவோம்." எல்லோரும் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஜெயசீலன் சாரை அறிந்த நீங்கள் எல்லோரும் அந்த ஒரு குறையோடுதான் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு குறை அவரிடம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிகள் மூடிக்கிடந்து பாடமெல்லாம் போனுக்குப் போன நாட்களில் தொடங்கியது அவருடைய வேலை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற நிலையில் எங்கள் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். ஜெயசீலன் சார் ஆசிரியர்களின் வீட்டு அலமாரிகளில் தூங்கிய பழைய போன்களைக் கேட்டு வாங்கிவந்தார். போனைத் தயாரித்த கம்பெனி சில வருடத்தில் புது மென்பொருள் கொடுப்பதை நிறுத்திவிடும். அதன்பிறகு போன் நகராது, செயலிகள் ஏறாது. ஆனால் கைவிடப்பட்ட போன்களுக்கென்றே உலகத்தில் எங்கெங்கோ ஆர்வலர்கள் உட்கார்ந்து சொந்தமாக மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்களாம். கஸ்டம் ரோம் என்று அதற்குப் பெயர். பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு இதை ஏற்றினால் போன் மறுபடி ஓடும். அப்படி ஓடவைத்துப் போன் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார். "கம்பெனி கைவுட்டுட்டா போன் செத்துப்போச்சுன்னு அர்த்தமா டீச்சர்? உள்ள எல்லாம் நல்லாத்தான் கீது" என்பார். அவர் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரியும். புரிந்த மாதிரி தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டல்தான் பின்னால் வினையாக முடிந்தது.

ஏற்றும்போது போனைக் கணினியோடு இணைக்கும் கம்பி அசையக்கூடாது. அதற்காக ஆய்வகக் கதவில் ஒரு அட்டை தொங்கவிடுவார்: 'உள்ளே போன் ஏறுகிறது, தயவுசெய்து தட்டாதீர்கள்.' ஒருநாள் தலைமையாசிரியை அட்டையைப் படித்துவிட்டு, என்ன ஏறுகிறது என்று கேட்பதற்காகத் தட்டினார். எழுந்த அவசரத்தில் இவர் முழங்கை கம்பியில் பட்டது. "மேடம், செங்கல் ஆயிடுச்சு" என்று கையை விரித்தார். பாதியில் நின்றுபோய் இனி எழவே எழாத போனை அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்களாம். மேடம் கட்டடத்தில்தான் ஏதோ பெயர்ந்துவிட்டது என்று சுவரைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். அந்தப் போனுக்குப் பதிலாகத் தன்னுடைய போனையே துடைத்து, காத்திருந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, ஜெயசீலன் சார் பட்டன் போனோடு திரிந்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் போனானாலும் துடைப்பதற்கு முன் மூன்று முறை கேட்பார். முதலில், "உள்ள இன்னா கீது? போட்டோ, பேச்சு, எதுனா?" என்பார். அடுத்து, "வேற எங்கயாவது எடுத்து வெச்சிகினீங்களா?" மூன்றாவது முறை போனை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "அழிச்சிடலாமா?" என்பார். உடையவர் தன் வாயால் 'அழிச்சிடுங்க' என்று சொல்ல வேண்டும். தலையசைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கிறீர்களா என்று நாங்கள் கேலி செய்வோம். "போனதுக்கப்புறம் யார் அழுதாலும் வராது டீச்சர்" என்பார்.

இனி என் கதை. என் தம்பி குமரன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். தினமும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவான். பெரிதாக ஒன்றும் இருக்காது. "அக்கா, சாப்டியா? பஸ்ல சீட்டு கெடச்சிடுச்சு." அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயதில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோனது. அதன்பிறகு தினமும் மின்சார ரயிலில் காதில் வைத்து ஒன்றிரண்டைக் கேட்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் யாருடனோ பேசுகிறேன் என்று நினைப்பார்கள். நானும் சில நாள், "சாப்ட்டேண்டா" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

என் போனும் கிழடாகி, ஓரிடத்தில் தொட்டால் இன்னோரிடம் திறக்கும் நிலைக்கு வந்தது. வாட்ஸ்அப் இனி இந்தப் போனில் ஓடாது என்று அறிவிப்பும் வந்துவிட்டது. குமரன் குரல் நின்றுவிடுமே என்ற பயத்தில்தான் அதை ஜெயசீலன் சாரிடம் கொண்டுபோனேன். ஒன்பதாம் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, கையில் விடைத்தாள் கட்டு. "உள்ள இன்னா கீது டீச்சர்?" என்றார். "என் தம்பி பேசினது இருக்கு" என்றேன். "பேக்கப் போட்டுகினீங்களா?" என்றார். பேக்கப் என்றால் வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது என்று அன்று எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் என் நம்பரோடு எங்கோ பத்திரமாக இருக்கும், அதே சிம்மைப் போட்டால் தானாக வந்துவிடும் என்பதுதான் என் ஞானம். ஆய்வக உதவியாளரிடம் போய்த் தெரியாது என்று சொல்வதா என்று ஒரு வீம்பு. "அதெல்லாம் போட்டாச்சு" என்றேன். அவர் விடவில்லை. போனை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "தம்பி பேச்சு டீச்சர். நல்லா யோசிச்சு சொல்லுங்க. அழிச்சிடலாமா?" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஒரு தடவை சொன்னா புரியாதா? அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

மாலையில் போன் புதிதாகப் பிறந்த மாதிரி இருந்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அதே சிம்மைப் போட்டு, குமரன் பெயரைத் தேடினேன். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. அதன்பிறகு நான் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டதாகச் சொன்னார்கள். ஜெயசீலன் சார் ஓடிவந்தார். "என் தம்பியைக் கொன்னுட்டீங்களே" என்றேன். தலைமையாசிரியையும் வந்துவிட்டார். "கேட்காமலா அழிச்சீங்க?" என்று அவரிடம் கேட்டார். ஜெயசீலன் சார் என்னை ஒருமுறை பார்த்தார். நான் பேசவில்லை. "ஆமா மேடம். கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார். சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றார்.

அன்றோடு ஆய்வகத்தில் போன் வேலை கூடாது என்று உத்தரவு வந்தது. மேசையில் ஏழு பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய போன்கள் இருந்தன. அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு, கோவிலம்பாக்கத்தில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்துக் கொடுத்தார். அதற்குமேல் ஆசிரியர்கள் யாரும் அவரிடம் பழைய போன் தரவில்லை. மூன்று முறை கேட்பார் என்று தெரிந்தவர்களே, 'அன்னிக்கு மறந்துட்டார் போல' என்று பேசிக்கொண்டார்கள். என் காதுபடத்தான் பேசினார்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி மனைவி போனில் கேட்டாள்: "உங்க ஸ்கூல்லேர்ந்து ஒருத்தர் ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்தாரே, சொன்னாரா அண்ணி?" எனக்கு ஒன்றும் தெரியாது. கோவிலம்பாக்கத்திலிருந்து, அவள் இருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஜெயசீலன் சார் மொபெட்டில் போயிருக்கிறார். குமரன் அனுப்பிய செய்திகள் அவனுடைய போனிலாவது இருக்கும் என்று தேடியிருக்கிறார். அதை அவள் ஒரு கடையில் கொடுத்துப் புதுப் போன் வாங்கிவிட்டிருந்தாள். எந்தக் கடை என்று கேட்டு அங்கேயும் போய் நின்றிருக்கிறார். அது எப்போதோ கைமாறிப் போயிருந்தது. கிடைக்காததை என்னிடம் சொல்லி எதற்கு இன்னொரு முறை அழவைப்பது என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை.

அதைக் கேட்ட பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினேன். "ஏன் சார் அன்னிக்கு உண்மையைச் சொல்லலை? நான்தானே அழிக்கச் சொன்னேன்?" என்றேன். 'சார்' என்று நான் மனதாரக் கூப்பிட்டது அன்றுதான். கொஞ்சம் கூச்சப்பட்டார். "தம்பிய ரெண்டாவது வாட்டி தொலைச்சுட்டு நிக்கிறீங்க. அந்த நேரத்துல நீங்கதான் சொன்னீங்கன்னு நான் சொன்னா, அந்தப் பழியையும் தூக்கிகினு வூட்டுக்குப் போவீங்க. தூக்கம் வருமா உங்களுக்கு? நான் திட்டு வாங்குனா ரெண்டு நாள்ல போயிடும் டீச்சர்" என்றார். நாளைக்கே மேடத்திடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "இன்னா அவசரம்? உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பார்த்து ஓடினார்.

எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆண்டு விழா முடியட்டும் என்றேன், தேர்வு முடியட்டும் என்றேன். நாளாக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். போன் எப்படி ஓடுகிறது என்று விசாரிப்பார். ஒருநாள்கூட நினைவுபடுத்தவில்லை. ஒரே ஒரு முறை முகத்தைச் சுளித்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இப்போது அவர்மேலேயே குற்றம் சாட்டத் தோன்றுகிறது. என் புத்தி அப்படி.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவர் மனைவி விமலாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கோவிலம்பாக்கம் போனேன். அவருக்கு எப்படியும் உண்மை தெரிந்திருக்கும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரலாம் என்பது என் கணக்கு. விமலா முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "என்னாண்ட கூட கேக்காம அழிச்சிட்டேன்னுதான் சொன்னாரு டீச்சர். நான் எத்தினி பேச்சு பேசிகீறேன் தெரியுமா? செத்துப்போன புள்ள கொரல அழிச்சிட்டு வந்து சோறு கேக்குறியான்னு அன்னிக்கு நான் தட்டே வெக்கல. அவுரு தண்ணிய குடிச்சிட்டுப் படுத்துட்டாரு." சொல்லிவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "ஒரு வார்த்த சொல்லக்கூடாதாய்யா" என்று கேட்டு அழுதார். கேட்கப் போன மன்னிப்பைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அவர் உயிர்கொடுத்த போன் இன்னும் ஓடுகிறது. இதை அதில்தான் தட்டியிருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு போன் அவர் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கென்று மட்டும் அவர் வைத்திருந்தது அந்தப் பழி ஒன்றைத்தான். கட்டிய மனைவியிடம்கூட இறக்கிவைக்காமல் சுமந்திருக்கிறார். அதை நான் வாங்கிக்கொள்கிறேன். இருக்கும்வரை என்னிடமே இருக்கட்டும். ஜெயசீலன் சார் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அழித்தார். விமலா, அன்று அவர் பட்டினியாகப் படுத்தது என்னால்தான்.