நீல மூடி டப்பாவில் வந்த குருமா

விடுதிச் சாப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முதலில் ஏதாவது ஒரு ருசி இருக்க வேண்டும். சீன உணவு, மலாய் உணவு, இந்திய உணவு என்று மூன்று வரிசைகள் வைத்திருந்தார்கள். சீன வரிசையில் வெள்ளையாகக் கிடந்த அதே முட்டைக்கோஸ் எங்கள் வரிசையில் மஞ்சளாகக் கிடக்கும். மஞ்சளாக இருந்தால் இந்திய உணவு என்று யாரோ ஒரு நிபுணர் முடிவு செய்திருந்தார். சமையல்கார ஆன்ட்டி என்னைக் கண்டதும் பாசத்தோடு இன்னொரு கரண்டி கூடுதலாகப் போடுவார். அந்தப் பாசத்துக்காகவே பல நாள் நான் வரிசையை மாற்றிக்கொண்டேன்.

மற்றபடி ஒவ்வொரு மாடியிலும் ஒரு பேன்ட்ரி உண்டு. மின்சார அடுப்பு ஒன்று, மைக்ரோவேவ் ஒன்று, யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத பால் பாக்கெட்டுகளோடு ஒரு குளிர்பெட்டி. அறைக்குள் சோறு பொங்கும் சட்டி வைக்கக்கூடாது என்பதால் என் அறைத்தோழன், பொறியியல் படிக்கும் சீனப் பையன், தண்ணீர்க் கெட்டிலில் முட்டை அவிப்பான். அதே கெட்டிலில் எனக்கு மைலோ கலக்கிக் கொடுப்பான். அந்த மைலோவின் மணத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

இந்த நிலைமையில் வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ஒரு டப்பா வரும். ஐஸ்கிரீம் தீர்ந்துபோன, நீல மூடி போட்ட டப்பா. உள்ளே கோழிக் குருமா. அம்மா தேக்கா சந்தைப் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தார். எங்கள் வீடு செங்காங்கில். வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல், எதிர்த்திசையில் ரயில் ஏறி, கல்லூரிக்குப் பக்கத்து நிலையத்தில் இறங்கி, பயணக் கார்டைத் தட்டாமல் டிக்கெட் கேட்டுக்கு உள்பக்கமே நிற்பார். நான் வெளிப்பக்கம் நிற்பேன். கேட்டுக்கு மேலாக டப்பா வரும், காலி டப்பா போகும். வெளியே வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போனால் தனியாகக் காசு. மகனைப் பார்க்க வந்தாலும் அந்தக் காசை ரயிலுக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வராது. இரண்டு நிமிடம் பேசுவோம். சாப்பிட்டியா, துணி துவைச்சியா, அவ்வளவுதான்.

முதல் வாரம் வந்த குருமாவில் ஒரே உப்பு. "உப்பு கொஞ்சம் கூடம்மா" என்று ஒரு செய்தி தட்டிவிட்டேன். இரண்டாவது வாரத்திலிருந்து குருமா பிரமாதமாகிவிட்டது. நான் வீட்டைவிட்டுப் போனபிறகு உங்கள் கைப்பக்குவம் கூடிவிட்டது என்று பாராட்டி, மூன்று சிரிப்புப் பொம்மைகளும் போட்டேன். பெற்ற தாயை அந்த அளவுக்காவது உற்சாகப்படுத்த வேண்டாமா.

பேன்ட்ரியில் அதைச் சூடு பண்ணும்போது மாடியே கூடிவிடும். அறைத்தோழன் ரொட்டியைத் தொட்டுத் தின்றுவிட்டு, நீயே செய்ததா என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று அவர்கள் ஆச்சரியப்பட, எனக்கே என்மீது மரியாதை வந்துவிட்டது.

வாயைக் கொடுத்ததன் பலன் இரண்டாம் பருவத்தில் வந்தது. எங்கள் விடுதியில் அடுத்த ஆண்டும் அறை வேண்டுமென்றால் புள்ளிகள் சேர்க்க வேண்டும். பூப்பந்து ஆடினால் புள்ளி, நாடகத்தில் மரமாக நின்றால்கூடப் புள்ளி. என்னைப் பூப்பந்துக் குழு ஒரே மாலையில் புரிந்துகொண்டது. நாடகக் குழுவிலும் மரங்கள் போதுமான அளவு இருந்தன. ஆக என் கணக்கில் இருந்தது சுத்தமான பூஜ்யம். அறை போனால் செங்காங்குக்குத் திரும்ப வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் போகுமே என்று எல்லாரிடமும் புலம்பினேன். உண்மையான கவலை வேறு. என் அம்மா கதவைத் தட்டிவிட்டுத் திறப்பவர் அல்ல, திறந்துவிட்டுத் தட்டுபவர். இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த ஒரு தாழ்ப்பாளை விட எனக்கு மனமில்லை.

அப்போதுதான் எங்கள் மாடித் தலைவி வழி சொன்னாள். விடுதி உணவு விழாவில் எங்கள் மாடிக்காக நாற்பது பேருக்கு என் புகழ்பெற்ற குருமாவைச் சமைத்தால், தேவையான புள்ளி மொத்தமும் கிடைக்கும். பேன்ட்ரியில் எல்லார் முன்னாலும் சமைக்க வேண்டும், வீடியோ எடுப்பார்கள். "உனக்கென்ன, வாராவாரம் செய்றதுதானே, ஈசி லா" என்று வேறு சொன்னாள்.

அன்றே அம்மாவுக்குப் போன் போட்டுச் செய்முறை கேட்டேன். மிளகாய் எவ்வளவு என்றால் பார்த்துப் போடணும் என்றார். தேங்காய்ப்பால் எப்போது என்றால் சரியான சமயத்தில் என்றார். நாட்டு ரகசியத்தைக்கூட இதைவிடச் சுலபமாக வாங்கிவிடலாம். கடைசியில் தேக்கா சந்தையில் அரைத்த மசாலாவே விற்கிறார்கள், அங்கே போ என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதே, கூட்டமாக இருக்கும் என்றும் சொன்னார். எனக்கு வகுப்பு இல்லாத ஒரே நாள் வெள்ளி. அதனால் அன்றே போனேன்.

மசாலாக் கடையில் குவியல் குவியலாக அரைத்த விழுது. கடைக்கார அண்ணன், கோழியா மீனா ஆட்டிறைச்சியா என்றார். கோழி என்றேன். எத்தனை கிலோ என்றார். நாற்பது பேர் என்றேன். எலும்போடயா என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, வீட்ல பெரியவங்கள அனுப்புங்க" என்றார். என் சமையல் புகழ் கல்லூரி வாசலைத் தாண்டவில்லை என்பது தெரிந்தது.

அசடு வழிய, சரி சாப்பிட்டாவது போகலாம் என்று பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கு வந்தேன். பிரியாணிக் கடை முன் வரிசை. மூன்றாவது ஆளாகக் கிளினிக் சீருடையில் ஒரு பெண்மணி. கையில் நீல மூடி டப்பா.

"இந்த வாரமும் காரம் கம்மியா தானேக்கா?" என்று கடைக்கார பாய் கேட்டார். "ஆமா பாய், பையனுக்கு வயிறு ஆகாது" என்றார் என் அம்மா. பாய் குருமாவை அள்ளி அள்ளி டப்பாவில் ஊற்றினார்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அம்மாவின் தோளைத் தொட்டேன். அவர் திரும்பினார். கோபப்படுவார், இல்லையென்றால் சிரித்து மழுப்புவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மேசையில் உட்கார்ந்தோம்.

"எப்போலேர்ந்தும்மா?"

"உப்பு கூடன்னு சொன்னியே, அதுலேர்ந்து."

அப்பா இறந்தபிறகு அம்மா கவிச்சியை விட்டுவிட்டார். எனக்கு மட்டும் சமைப்பார், வாயில் வைக்கமாட்டார். கொதிக்கும்போது ஒரு சொட்டை என் உள்ளங்கையில் விடுவார். உப்பு பார்ப்பது என் வேலை. பத்து வருடமாகப் பார்த்த வேலை. விடுதிக்குப் போகும்போது சட்டை, செருப்பு, சார்ஜர் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவனுக்கு, அந்த வேலையை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறோம் என்று தோன்றவே இல்லை.

"சரி, உங்களுக்காவது சமைச்சுக்கிறீங்களா?"

"ஒருத்திக்கு எதுக்குடா அடுப்பு? கீழ காப்பிக் கடையில பன் இருக்கு." டப்பாவின் மூடியை அழுத்திவிட்டு, "நல்லாருக்கு நல்லாருக்குன்னு நீ எழுதினியா, அப்புறம் எப்படிச் சொல்றது" என்றார்.

என் சிரிப்புப் பொம்மைகள் மூன்றும் ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. எனக்கு வாங்கிய சாப்பாட்டை நான் செய்ததாகச் சொல்லித் திரிந்ததற்குக்கூட அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மறுநாள் செங்காங்குக்குப் போனேன். அம்மா சொல்லச் சொல்ல நான் கிண்டினேன். சரியான சமயம், பார்த்துப் போடணும் என்பதெல்லாம் அடுப்பு முன்னால் நின்றபோது அர்த்தமுள்ள அளவுகளாகத்தான் இருந்தன. வெங்காயத்தை இரண்டு முறை கருக்கினேன். கொதித்தபோது அம்மா கரண்டியை எடுத்து, கேட்காமலே என் கையில் ஒரு சொட்டு விட்டார். சூடு பொறுக்கவில்லை. இருந்தாலும் கையை இழுக்கவில்லை.

விழாவில் நாற்பது பேரும் சாப்பிட்டார்கள். வழக்கமான ருசி இல்லையே என்று மாடித் தலைவி வருத்தப்பட்டாள். அறைத்தோழன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான், ஆனால் கெட்டில் மைலோ குடிப்பவனின் நாக்கை நான் சாட்சிக்கு அழைக்கமாட்டேன். புள்ளிகள் கிடைத்தன, அறையும் கிடைத்தது. அம்மாவுக்காக அறையை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விட்டுக்கொடுக்கவில்லை. தாழ்ப்பாளை ஆசையோடு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மட்டும் அம்மாவை என் பக்கம் வரவேண்டாம் என்றேன். பேன்ட்ரியில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டு ஒரு குருமா வைத்தேன். கோழி இல்லை, முட்டை இல்லை. அதை நீல மூடி டப்பாவில் அடைத்துக்கொண்டு செங்காங் நிலையத்துக்குப் போய், கார்டைத் தட்டாமல் கேட்டுக்கு உள்பக்கமே நின்றேன். அம்மா வெளிப்பக்கம் வந்து நின்றார். கேட்டுக்கு மேலாகக் கொடுத்தேன். துணி துவைச்சியா என்று கேட்டார். சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்ப ரயில் ஏறினேன்.

குவீன்ஸ்டவுன் நிலையம் தாண்டும்போது அம்மாவின் செய்தி வந்தது.

"உப்பு கொஞ்சம் கூட. அடுத்த வாரமும் கொண்டு வா."