பன்னிரண்டு சொல் கேட்கும் வேலை

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், கள்ளன்போலக் கதைப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். போனை எடுத்ததும் "வாழ்த்துகள், பரிசு விழுந்திருக்கு" என்று கேட்டு நொந்துபோனவர்களே, உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்ப தரமாட்டேன். முதலில் வேலையைச் சொல்கிறேன்.

எங்கள் போன் கடை முதலாளி ரியாஸ் நானா, பிட்கொயினைத் தங்கள் கையிலேயே வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு அதைப் பழக்குகிறவர். பன்னிரண்டு இங்கிலிஷ் சொற்கள்தான் சாவி. அது தெரிந்தவன் முழுவதையும் அள்ளிக்கொண்டு போகலாம். திருப்பி எடுக்க ஏலாது. பழகியவர்களின் சம்மதத்தோடு, கொஞ்ச நாள் கழித்து நான் வேறு குரலில் போன் எடுத்துச் சோதிப்பேன். நானாவின் கட்டளை ஒன்றுதான்: யாராவது உண்மையாகவே சொல்லத் தொடங்கினால் உடனே தடுக்க வேண்டும்.

கொழும்பு ஐயா

சல்லி ஊரில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் செல்வம் அண்ணைக்குக் கொழும்பு அதிகாரி குரல் போட்டேன். மூக்கால் கதைத்து, இடையிடையே இருமி, கணக்கு முடங்கப்போகுது, சொற்களைத் தாங்கோ என்று வெருட்டினேன். மனுசன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, மீன் படுற இடத்தையே நான் மச்சானுக்குச் சொன்னதில்லை. நீங்கள் எனக்கு என்ன முறை?"

பள்ளித் தோழன்

கிண்ணியாவில் எருமை வளர்க்கும் ஹனிபா காக்காவிடம் சொற்களைக் கேட்கவில்லை. பழைய பள்ளித் தோழனின் குரலில், எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறாய் என்று மட்டும் விசாரித்தேன். அது தெரிந்தாலே கள்ளன் ஆளைக் குறித்துவிடுவான். அந்தத் தோழனின் உம்மாவின் சுகம்வரை அன்பாக விசாரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"எங்கிட்ட ஈக்கிறது எருமைதான். தயிர் வேணுமெண்டா சட்டியக் கொண்டு வாங்க."

தேன் குரல்

அன்புவழிபுரத்தில் எங்கள் பக்கத்து ஒழுங்கை கலா அக்கா, வெளிநாட்டாருக்குப் படம் கீறிக் கொடுத்துச் சேர்த்த பிட்கொயினில் பாதியை ஒருமுறை ஏமாந்து விட்டவ. மிச்சம் தையல்கடை போட. இந்தச் சோதனையிலும் தவறினால் எல்லாத்தையும் விற்றுவிட்டு ஒதுங்கிவிடுவேன் என்று நானாவிடம் சொல்லியிருந்தா.

என் மிகச் சிறந்த குரலை எடுத்தேன்: தேன் தடவிய பெண்குரல். முன்பு பறிபோனதை மீட்டுத் தருகிறோம், சொற்கள் மட்டும் வேண்டும் என்றேன். அக்கா மூக்கை உறிஞ்சினா. பிறகு மெல்ல, ரைஸ், ஒனியன் என்று தொடங்கினா. சாவிச் சொற்களும் இப்படிச் சாதாரணச் சொற்கள்தான். ஜிஞ்சர் என்றபோது தையல்கடை கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. தேன் எங்கே வழிந்ததோ, அக்கா நிப்பாட்டுங்கோ, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று உடைந்த தொண்டையால் கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். அரிசி, வெங்காயம், இஞ்சி. மெல்லத்தான் மண்டையில் ஏறியது.

"உண்மையான கள்ளனெண்டால் நிப்பாட்டச் சொல்லமாட்டான், தம்பி. மிச்சத்தையும் எழுது: உள்ளி, தேங்காய், ரெண்டு தேசிக்காய். வரேக்க வாங்கிக்கொண்டு வா."

முப்பது பேரின் குரல் எனக்கு வரும். பதறினால் மட்டும் என்னுடையதுதான் வருகிறது.